கதாநாயகன் காபி போடட்டும்

காதல் நாவல் எழுதப்போறேன்னு நீ சொன்னதுல எனக்கு ரொம்பச் சந்தோசம் தாயி. நம்ம வம்சத்துல காதலிச்சவுக உண்டு. காதலிச்சதுக்கு அடி வாங்குனவுகளும் உண்டு. காதலை வச்சு நாலு காசு பாத்தவுக மட்டும் இதுவரைக்கும் இல்ல. அந்தக் கொறை ஒன்னால தீரட்டும்.

ஏற்பாட்டையெல்லாம் கண்ணாரப் பாத்துட்டுத்தான் வாரேன். சன்னலோரமா புது மேசை. மேசை மேல பூப்போட்ட நோட்டு, பிரிக்காமலே அழகா அடுக்கியிருக்கு. பக்கத்துல ஏழெட்டுக் கலர்ல பேனா. போன்ல, எழுதுன வார்த்தைய எண்ணுறதுக்கு ஒரு ஆப்பு. எழுது எழுதுன்னு ஞாபகப்படுத்த ஒரு ஆப்பு. ஞாபகம் வாரப்ப மத்த ஆப்பையெல்லாம் பூட்டிவைக்க இன்னொரு ஆப்பு. ஒனக்கு நீயே இத்தன ஆப்பு வச்சுக்கிட்ட பெறகு, எதிரின்னு தனியா ஒருத்தன் வரணுமாக்கும்?

கதாநாயகனுக்குப் பேரு தேடுனதுலயே ஒரு வாரம் ஓடிருச்சாம். பெத்த பிள்ளைக்குப் பேரு வைக்கக்கூட நீங்க இம்புட்டு யோசிக்கல. ஆளு ஆறடி, கோடீசுவரன், மூக்குக்கு மேல கோவம். ஆறடிக்குக் கொறஞ்சவன் நம்மூருக் காதல் நாவல்ல வாட்ச்மேன் வேலைக்குக்கூட லாயக்கில்லங்கிறது எனக்கும் தெரியும். தலைப்பும் ரெடியாம், அதுல ஒரு உயிரு, ஒரு நெஞ்சம், ஒரு மழை. எல்லாம் ஆச்சு. நெட்டுல தொடராப் போட்ட சில எபி, அதாவது அத்தியாயம் போக, பாக்கி நாவல் மட்டும்தான்.

கேட்டா, "மூடு வரட்டும் தாத்தா"ங்கிற.

நான் எழுத்தாளன் இல்ல. ஆனா எழுத்தாளருக வண்டவாளம் தெரிஞ்சவன். வாலிபத்துல மெட்ராசுல ஒரு அச்சாபீசுல கம்போசிட்டரா நின்னவன். மாத நாவல் அச்சடிக்கிற எடம் அது. தேதி பொறந்தா பொட்டிக்கடையில புத்தகம் கிளிப்பு மாட்டித் தொங்கணும். கையெழுத்துப் பிரதி ஒருநாளும் முழுசா வராது. காலையில இருபது தாள் வரும், மிச்சத்துக்குப் பையன் எழுத்தாளரு வீட்டு வாசல்ல நிப்பான். வந்த தாளை முன்னால வச்சுக்கிட்டு, இடது கையில ஸ்டிக்கைப் புடிச்சு, கேசுல இருந்து ஈய எழுத்தை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தலைகீழாக் கோப்போம். ஸ்டிக் நெறைஞ்சா கேலித் தட்டுல எறக்குவோம். குடும்ப நாவல்னா முதல்ல தீந்துபோறது ஆச்சரியக்குறி. அடுத்தது புள்ளி. கதாநாயகி எதையும் முழுசாச் சொல்ல மாட்டாள்ல, "நான்... வந்து... நீங்க..."ன்னு இழுத்துக்கிட்டே போவா. புள்ளி இருக்கிற பெட்டி காலியாயிரும். "கொஞ்சம் தைரியமான பொண்ணா எழுதச் சொல்லுங்கய்யா, ஈயம் பத்தல"ம்பாரு ஃபோர்மேன்.

பதினாறு பக்கம் ஒரு பாரம். பாரம் மெஷின்ல ஏறி அச்சாயிருச்சுன்னா, எழுதுனவரே வந்து காலைப் புடிச்சாலும் ஒரு எழுத்தை மாத்த முடியாது. அப்படித்தான் ஒரு தடவை, முதல் பாரத்துல செத்துப்போன கதாநாயகனோட அம்மா, நாலாம் பாரத்துல வெள்ளித் தட்டுல காபி கொண்டுக்கிட்டு வந்துட்டா. ப்ரூஃப் பாத்தவருக்கு வேர்த்திருச்சு. எழுத்தாளருக்குச் சொல்லி விட்டோம். அவரு அசரல. தாளைத் திருப்பி அனுப்புனாரு: "அம்மா"ங்கிற எடத்துலயெல்லாம் "சித்தி". ஒரு நிமிசத்துல கதாநாயகனோட அப்பன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிட்டாரு. அதுல இருந்து புதுசா ஒரு சிக்கலும் கெளம்பி, நாவல் பிரமாதமா வித்துச்சு.

அங்க நின்ன வரைக்கும், மூடு வரலன்னு சொல்லி அனுப்புன எழுத்தாளரு ஒருத்தரையும் நான் பாக்கல. வாசல்ல பையன் நின்னா மூடு தன்னால வரும் தாயி.

இப்ப ஒன் வாசல்ல பையன் இல்ல, வாசகிகதான் நிக்கிறாக. ராத்திரி பத்து மணியானா "யூடி எங்க சிஸ்"னு, அதான் அடுத்த எபி எங்கன்னு, கேக்குறாகளாமே. நல்லது. ஆனா நீ அவுக போட்ட கமெண்டை வாசிச்சு, அதுக்கு ஒரு இதயம் போட்டு, இன்னொருத்தி கதைக்கு எத்தனை கமெண்டுன்னு எண்ணி முடிக்கிறப்ப மணி பதினொண்ணரை. கதாநாயகன் பாவம், போன எபியில கதவைத் தெறந்தவன் இன்னும் உள்ள வராம நிக்கிறான். காலு வலிக்காதா அவனுக்கு?

ஒலகத்துல இந்தச் சோலிய பாத்தவுக எப்படிப் பாத்தாகன்னு கொஞ்சம் கேளு. ஸ்பெயின் நாட்டுல கோரின் தெயாதோன்னு ஒரு மகராசி. 1927ல பொறந்து, 1946ல மொத நாவல் போட்டு, 2009ல கண்ணை மூடுற வரைக்கும் கிட்டத்தட்ட நாலாயிரம் குறுநாவல். எல்லாம் காதல் கதை. வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் டைப்ரைட்டர் முன்னால உக்காந்துரும். அந்தக் காலத்துல அங்க பிராங்கோ ஆட்சி. முத்தம் கொஞ்சம் நீண்டாலே சென்சார்காரன் செவப்புப் பென்சில் போடுவான். திருப்பி அனுப்புனானேன்னு இந்தம்மா ஒப்பாரி வைக்கல. சொல்லாமச் சொல்லுறது எப்படின்னு கத்துக்கிடுச்சு. இம்புட்டுப் பேருக்குத் தாளுல கல்யாணம் பண்ணிவச்ச அந்தம்மாவோட சொந்தக் கல்யாணம் ரொம்ப நாள் நிக்கல. பிள்ளைக ரெண்டு. கதைதான் சோறு போட்டுச்சு. கடைசிக் காலத்துல கிட்னி கெட்டு டயாலிசிசுக்குப் போய் வந்துக்கிட்டு இருந்தப்பவும், வாயால சொல்லி எழுத வச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. மூடு வந்துச்சான்னு அதுகிட்ட யாரு போயிக் கேக்குறது?

அடுத்து ரெண்டு பேரு. ரெண்டு பேருமே 1901ல பொறந்தவுக. ஒருத்தி இங்கிலாந்து, பர்மிங்காம்; பார்பரா கார்ட்லேண்ட். இன்னொருத்தி நம்ம காஞ்சிபுரம் பக்கம் நீர்வளூர், வை.மு. கோதைநாயகி. ஒருத்திய ஒருத்தி பாத்திருக்க மாட்டாக. ஆனா ரெண்டு பேரு தொழிலும் ஒரே எடத்துல வந்து நிக்கும்.

கார்ட்லேண்ட் அம்மா உடுத்துறது ரோஸ் கலரு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா சோபாவுல சாஞ்சுக்கிடும். வெந்நீர்ப் பை வச்சுக்கிடும். பக்கத்துல செல்ல நாய். சேந்தாப்புல வாயாலயே கதையச் சொல்லச் சொல்ல, செக்ரட்டரி எழுதிக்கிடும். ஒரு மத்தியானத்துல ஆறாயிரம் ஏழாயிரம் வார்த்தை. 1976ஆம் வருசத்துல மட்டும் 23 நாவல். கின்னஸ் புத்தகத்துல அதுக்கொரு எடம். மொத்தம் 723ன்னு கணக்கு. 2000ல, 98 வயசுல போய்ச் சேந்தப்ப, அச்சாகாத கையெழுத்துப் பிரதியே 160 கெடந்துச்சு. "ஆகா, சோபா இருந்தா நானும் எழுதுவேனே"ன்னு இப்பவே ஒன் கண்ணு கடைத்தெருவுக்குப் போகுது பாரு. அந்தம்மா படுத்துக்கிட்டது வேலை பாக்க. நீ படுத்துக்கிட்டா, அடுத்து கேக்குறது கொறட்டை.

நம்ம கோதைநாயகி அம்மாவுக்கு அஞ்சாறு வயசுலயே கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு இல்ல. மனசு நெறையக் கதை, கையில எழுத்து வரல. பக்கத்துல பட்டம்மாள்னு ஒரு சிநேகிதி. இவுக சொல்லச் சொல்ல அவுக எழுதுனாக. அப்படி வந்ததுதான் மொதல் புத்தகம், 'இந்திரமோகனா' நாடகம், 1924ல. அதுக்குப் பெறகு எழுதப் படிச்சுக்கிட்டாக. காதலு, குடும்பம், துப்பறியிறதுன்னு 115 நாவல். 1925ல இருந்து 'ஜகன்மோகினி' பத்திரிகை. சொதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனப்பவும் பேனா ஓயல. புருசன் குறுக்க நிக்கல, கூட நின்னாரு.

இப்ப நான் கேக்குறேன். கார்ட்லேண்ட் பேரு ஒலகத்துக்கே தெரியும். அந்தச் செக்ரட்டரி பேரு? கோதைநாயகி பேரு தெரிஞ்சவுகள்ல எத்தனை பேருக்குப் பட்டம்மாளைத் தெரியும்? அங்கதான் தாயி சூட்சுமம் இருக்கு. காதல் மனசுல பொறக்குதோ என்னமோ, காதல் நாவல் நேரத்துலதான் பொறக்கும். அந்த நேரம் வானத்துல இருந்து விழாது. வீட்டுல இருக்கிற யாரோ ஒருத்தரு கையில இருந்து வாங்கணும்.

ஆம்பளைகளுக்கு இது சுளுவா அமைஞ்சுச்சு. ஆந்தனி டிரோலப்புன்னு ஒரு வெள்ளைக்காரரு, தபால் இலாகாவுல பெரிய உத்தியோகம். அந்த உத்தியோகத்துல இருந்துக்கிட்டே விடியக்காலம் அஞ்சரைக்கு எழுத உக்காந்தவரு. கடிகாரத்தை முன்னால வச்சுக்கிட்டு, கால்மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு கணக்கா எழுதுவாரு. அம்புட்டு ஒழுங்கான மனுசன். ஆனா அவரை எழுப்பிவிடுறதுக்கு ஒரு வேலைக்காரப் பெரியவரு இருந்தாரு. அந்த ஒரு சோலிக்கு வருசத்துக்கு அஞ்சு பவுண்டு தனிச் சம்பளம். டிரோலப்பு அஞ்சரைக்கு எந்திரிச்சாருன்னா, அந்தப் பெரியவரு எத்தனை மணிக்கு எந்திரிச்சிருப்பாரு? அவரு எழுதல. ஆனா அவரு இல்லாட்டி டிரோலப்பும் எழுதல.

பொம்பளைக கதை வேற. அமெரிக்காவுல நோரா ராபர்ட்ஸ் ஆரம்பிச்ச லட்சணத்தைக் கேளு. 1979ல மேரிலாந்துல பெருசா பனிப்புயல். வெளிய போக முடியாது. வீட்டுக்குள்ள ரெண்டு சின்னப் பையனுக, தலைய உருட்டுறானுக. பைத்தியம் புடிக்காம இருக்க நோட்டை எடுத்து ஒரு காதல் கதைய எழுத ஆரம்பிச்சது. 1981ல மொதல் நாவல் வந்துச்சு. இன்னைக்கு எரநூறைத் தாண்டிருச்சு. எழுதுற வேகத்துக்கு ஒரே பேருல போட்டு மாளாதுன்னு ஜே.டி. ராப்னு ரெண்டாவதா ஒரு பேரும் வச்சாக. தெனம் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் உக்காரும். மொதல்ல திரும்பிப் பாக்காம கடைசி வரைக்கும் எழுதும். பெறகு முதல்ல இருந்து செப்பனிடும். பிள்ளைகளுக்கு அது போட்ட சட்டம் ரொம்பப் பிரசித்தம்: ரத்தம் வந்தா கூப்புடு, நெருப்புப் புடிச்சா கூப்புடு, மத்ததுக்குக் கூப்புடாத.

ஒன் வீட்டுச் சட்டம் என்ன? "சீப்பு எங்கம்மா?" "ரிமோட்டு எங்க?" "சாக்சுல இன்னொண்ணு எங்க?" இதுல எதுல தாயி ரத்தம் வருது?

டேனியல் ஸ்டீல்னு இன்னொரு அம்மா. 1946ஆம் வருசத்து ஒலிம்பியா டைப்ரைட்டரை இன்னும் விடல. ஒன்பது பிள்ளைகளை வளத்தது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு மணி நேரம் எழுதுவேன்னு 2019ல ஒரு பத்திரிகைக்குச் சொல்லி, ஒலகத்தையே வாயப் பொளக்க வச்சுச்சு. நீ அந்த வழிக்குப் போக வேணாம். ஒனக்கு ஒரு மணி நேரம் கெடச்சாலே ஊரு தாங்காது.

கணக்கச் சொல்றேன். மில்ஸ் அண்ட் பூன், 1908ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி, பெறகு காதலுக்குன்னே கடை விரிச்சவுக. அவுக வழக்கமான நாவல் ஒண்ணுக்கு ஏறத்தாழ ஐம்பதாயிரம் வார்த்தை. நீ தெனம் ஆயிரம் எழுதுனா ஐம்பது நாளு. ஒரு மண்டலம், அதுக்கு மேல ரெண்டு நாளு. முட்டுவலிக்குக் கசாயம் குடிக்கிறதுக்கே ஒரு மண்டலம் பத்தியம் இருக்கோம். ஒரு காதல் கூடிவர அம்புட்டு நாளு ஆகாதா? கசாயத்தை யாரும் மூடு பாத்துக் குடிக்கிறதில்ல.

சரி, ஐம்பது நாளும் என்ன பண்ணணும்? முதக் காரியம், ஒரு நோட்டை மட்டும் பிரி. அதுல ஆளுக கணக்கு எழுது. யாரு யாருக்கு என்ன மொறை, யாரு எந்த ஊரு, முக்கியமா யாரு உசுரோட இருக்கா. சித்தியாகிப்போன அம்மாவை மறந்துறாத. ரெண்டாவது, நாலு எபி கையிருப்பு வச்சுக்கிட்டு அடுத்த எபியப் போடு. அன்னன்னைக்கு அடுப்பு மூட்டி அன்னன்னைக்குப் பந்தி வச்சா, ஒரு நாள் காய்ச்சல் வந்தா வாசகி பட்டினி. மூணாவது, எழுதி முடிச்சிட்டு எந்திரிக்காத, நடுவுல எந்திரி. அவன் கேள்வி கேக்கட்டும், அவ பதில் சொல்றதுக்கு முன்ன நோட்டை மூடு. அவ என்ன சொல்லுவாங்கிறது மறுநா வரைக்கும் மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். உக்காந்த ஒடனே கை தன்னால போகும்.

நாலாவது, ஒன் கதாநாயகனுக்கு ஒரு வேலை வாங்கிக் குடு. "பிசினஸ்மேன்"ங்கிற. என்ன பிசினஸ்னா "கம்பெனி"ங்கிற. என்ன கம்பெனின்னா "குரூப் ஆஃப் கம்பெனிஸ்"ங்கிற. ஒரு நாளும் அவன் ஜிஎஸ்டி கட்டுனதாத் தெரியல. லாரி வரலன்னு பொலம்புனதில்ல. காலையில ஆபீசுக்குப் போனவன், கதாநாயகிய மொறைச்சிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துர்றான். இப்படி இருந்தா ஆறு மாசத்துல கம்பெனி திவால். கார்ட்லேண்ட் அம்மா கதை பழைய காலத்துல நடக்கும். ஒவ்வொரு நாவலுக்கும் கட்டுக்கட்டா சரித்திரப் புத்தகம் வாசிச்சிட்டுத்தான் சோபாவுல சாயும். நீ சிவகாசி வரைக்கும் போ. ஒரு தீப்பெட்டி ஆபீசு, ஒரு ஆஃப்செட் பிரசு, ஒரு நாள் முழுக்க நின்னு பாரு. மொதலாளிக்கு எதுக்குக் கோவம் வருதுங்கிறதாச்சும் தெரியும்.

"காதல் கதைதானே"ன்னு எளக்காரம் பேசுறவுக வருவாக. வரட்டும். ரமணிச்சந்திரன் நாவலு வாடகை லைப்ரரியில கை மாறி மாறி, அட்டை பிஞ்சு, பைண்டு போட்டு, மறுபடியும் பிஞ்சதை நான் பாத்திருக்கேன். எளக்காரமாப் பேசுறவுக புத்தகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்ல. போட்ட அட்டை போட்டபடி புதுசா இருக்கும். நேரமில்லன்னு மட்டும் சொல்லாத. 'லட்சுமி'ங்கிற பேருல எழுதுன திரிபுரசுந்தரி அம்மா, டாக்டருக்குப் படிக்கிறப்பவே ஆனந்த விகடன்ல எழுதித்தான் படிப்புச் செலவைச் சமாளிச்சாக. எலும்பும் நரம்பும் மனப்பாடம் பண்ணிக்கிட்டே இதயத்தைப் பத்தியும் எழுதுனாக.

கடைசியா, நேரம் வாங்குற சமாச்சாரத்துக்கு வாரேன். மாப்பிள்ளையக் கொறை சொல்ல எனக்கு வாயி வராது. தங்கமான பிள்ளை. ஆனா ஒன் கதாநாயகன், கதாநாயகிக்கு லேசாத் தலைவலின்னா லண்டன்ல இருந்து டாக்டரை எறக்குறான். அவளை ரெண்டு கையில ஏந்தி மூணு மாடி ஏறுறான், மூச்சுகூட வாங்கல. ஒன் வீட்டுக் கதாநாயகன், காபி குடிச்ச டம்ளரைத் தூக்கி அங்கணத்துல போடுறதுக்கு ஒன்னைக் கூப்புடுறாரு. இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற தூரம் இருக்குல்ல, அங்கதான் ஒன் ஆயிரம் வார்த்தை தெனம் தொலையுது.

சண்டை போடாத. அழாத, புள்ளியும் வைக்காத. நாளைக்குச் சாயங்காலம் அவரை உக்கார வச்சு, கதாநாயகன் கதாநாயகிக்குக் கஞ்சி காச்சிக் குடுக்கிற எபியை நிறுத்தி நிதானமா உரக்க வாசி. வாசிச்சு முடிச்சிட்டு ஒரு வார்த்தை பேசாத. சும்மா பாரு. அதுக்கும் பிடி கெடைக்கலன்னா, அடுத்த எபியில ஒரு சோம்பேறி மாமன் வாரான். மாப்பிள்ளை இனிஷியலை அவனுக்கு வச்சிரு. வாசகிக திட்டுறதை அவருக்கே வாசிச்சுக் காட்டு. புரியாதவருக்கும் புரியும்.

புரிஞ்சதும், கறாராப் பேசிக்க. காலையில அஞ்சரையில இருந்து ஏழு மணி வரைக்கும் ஒன் நேரம். அந்த நேரத்துக் காபி அவரு சோலி, பிள்ளைக சீப்பும் சாக்சும் அவரு சோலி. வீட்டுக்கு வந்து போற கெழவன் நானு, என் வெந்நியை நானே வச்சுக்கிடுவேன். ரத்தம் வந்தா மட்டும் ஒன்னைக் கூப்புடுவோம்.

இனி எங்கிட்ட கதையைப் பத்திப் பேச வாரதா இருந்தா, அன்னைக்கு ஆயிரம் வார்த்தை எழுதி முடிச்சிட்டு வா. எழுதாம வந்தா சாப்பாட்டைப் பத்தி மட்டும் பேசுவோம்.